தகரத்துக்குக் கீழே இரண்டு விரல்

நான் வயர்மேன். வேலை சுத்தம், வாய்தான் சுத்தமில்லை என்று என்னைத் தெரிந்தவர்கள் சொல்வார்கள். 1991-ல் எனக்கு இருபத்தெட்டு வயது. லைசென்ஸ் வாங்கி மூன்று வருஷம் ஆகியிருந்தது. தலைக்கனம் அந்த வயதில் இலவசமாகக் கிடைக்கும். எனக்குக் கொஞ்சம் கூடவே கிடைத்திருந்தது.

அந்த வருஷம் மே மாசக் குண்டுவெடிப்புக்குப் பிறகு, ஸ்ரீபெரும்புதூர் என்று எங்கள் ஊர்ப்பெயரைச் சொன்னாலே எதிரில் இருப்பவர் ஒரு நொடி பேச்சை நிறுத்திவிட்டுத்தான் மறுபடி பேசுவார். வேறு இடத்துக்கு வேலை தேடிப் போனால் பெயரைச் சொல்லவே கூச்சமாக இருக்கும். அதனால் உள்ளூரிலேயே வேலை கிடைத்தால் விடமாட்டேன். பென்னலூர்ப் பக்கம், பெங்களூர் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, அட்டைப் பெட்டி செய்கிற சின்னக் கம்பெனி ஒன்று புது ஷெட் போட்டது. செங்கல் தூண்கள், தூண்மேல் மரச்சட்டம், சட்டத்தின்மேல் தகரம், அவ்வளவுதான் கட்டடம். அதற்கு லைட் போடுகிற வேலையை எனக்கு வாங்கிக் கொடுத்தது என் அக்கா. அவள் அந்தக் கம்பெனியில் பெட்டிக்குப் பசை ஒட்டுகிறவள்.

அக்கா என்னைவிட ஆறு வயது மூத்தவள். நல்ல உயரம். எங்கள் தெருவில் ஆண்களே அவளை அண்ணாந்துதான் பார்க்க வேண்டும். அவள் புருஷன் அந்த உயரத்தையே ஒரு குற்றமாகச் சொல்லிச் சொல்லி, கடைசியில் வாலாஜாபாத்தில் வேறு ஒருத்தியோடு குடும்பம் நடத்தப் போய்விட்டான். நாலு வருஷமாக அக்கா அம்மாவோடும் என்னோடும் எங்கள் வீட்டில்தான் இருந்தாள். கல்யாணம், காதுகுத்து எதிலும் அவளை முன்னால் நிற்க விடமாட்டார்கள். அவளாகவே பின்வரிசைக்குப் போய்விடுவாள், ஆனால் பின்னால் நின்றாலும் அவள் தலை தெரியும். கம்பெனியிலும் அவளுக்குப் பெயர் கிடையாது. 'ஏ நெட்ட' என்றுதான் கூப்பிடுவார்கள்.

தகரக் கூரைக்குக் கீழே லைட் போடுவதில் ஒரு முறை உண்டு. பைப்பையும் டியூப்லைட் பட்டியையும் தகரத்தோடு ஒட்டி அடிக்கக் கூடாது. நடுவில் மரக்கட்டை கொடுத்து இரண்டு விரலாவது கீழே இறக்க வேண்டும். கூரை வேலை செய்கிறவன் மேலே நின்று ஸ்க்ரூ போடுவான், கீழே என்ன ஓடுகிறது என்று அவனுக்குத் தெரியாது. அவன் ஸ்க்ரூவின் முனை தகரத்தைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்க்கும். இது எனக்குத் தெரியாத விஷயமில்லை. ஆனால் பெட்டிகளை உயரமாக அடுக்க இடம் வேண்டும் என்று முதலாளி சொன்னார். எனக்கும் பைப் தகரத்தோடு ஒட்டிப் போனால்தான் பார்க்க லட்சணமாக இருந்தது. ஒட்டியே அடித்துவிட்டேன்.

லைன் கொடுப்பதற்கு முன் சோதிக்க வந்த ஈ.பி. ஆபீஸர் உள்ளே வந்ததுமே அண்ணாந்து பார்த்தார்.

“பைப்பு தகரத்தோட ஒட்டியிருக்கே. ரெண்டு விரல் இறக்கிக் கட்டுப்பா.”

“எறக்குனா பெட்டி அடுக்கும்போது இடிப்பாங்க சார். இப்ப பாருங்க, ஸ்கேல் வச்சி கோடு போட்டாப்பல கீது.”

“மேலேர்ந்து எவனாவது ஸ்க்ரூ போட்டா?”

“இப்பத்தான் சார் கூரை போட்டு முடிச்சாங்க. இனிமே எவன் ஏறப் போறான்? காக்காதான் ஏறும்.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டு, ஒரு வாரத்தில் மாற்றிவிடு என்றார். மாற்றிவிடுகிறேன் சார் என்றேன். அவர் ஜீப் ரோட்டில் ஏறுவதற்குள் அதை மறந்துவிட்டேன்.

ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள், தகரம் பறக்காதா? அந்த ஆடியில் கூரை பல இடத்தில் தூக்கிக்கொண்டது. ஐப்பசி மழைக்கு முன் சரிசெய்ய, புரட்டாசியில் தகரக்காரர் ஒருவர் மேலே ஏறி வரிசையாகப் புது ஸ்க்ரூ போட்டார். அப்போது நான் இருங்காட்டுக்கோட்டையில் ஒரு வீட்டுக்கு ஒயரிங் செய்துகொண்டிருந்தேன். யாரும் எனக்குச் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றவுமில்லை.

பிறகு ஆயுத பூஜை வந்தது. பூஜைக்கு வாங்கிய அம்மன் படத்தை எடுக்க வேண்டாம், ஷெட்டிலேயே இருக்கட்டும் என்று பெண்கள் சொன்னார்கள். தூணில் ஆணி அடித்தால் பூச்சு உதிர்ந்தது. அக்கா ஒரு மேஜைமேல் ஏறி, கூரையிலிருந்து கீழே நீட்டிக்கொண்டிருந்த ஒரு ஸ்க்ரூ முனையில் கட்டுக்கம்பியைச் சுற்றி, வாசலிலிருந்து இரண்டாவது தூணை ஒட்டிப் படத்தைத் தொங்கவிட்டாள். பெட்டி அடுக்கும்போது படாமலிருக்க உயரத்தில் கட்டினாள். தரையில் நின்று அந்தக் கம்பியில் பூச்செருக எட்டுகிற கை அவளுடையது மட்டும்தான். அதனால் தினமும் பூ வைக்கிற வேலை அவளுக்கே வந்தது. மதியம் இரண்டு மணி ஷிப்ட் ஆரம்பிக்கும்போது செருப்பைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் தண்ணீர் தெளித்துக் கோலம் போட்டு, எட்டிப் பூ வைப்பாள்.

இரண்டாவது வாரம் அது ஆரம்பித்தது.

பூ வைக்கும்போது விரலிலிருந்து தோள்வரைக்கும் ஏதோ ஏறுகிறது என்று அக்கா வீட்டில் சொன்னாள். வலியில்லை, ஒரு நடுக்கம் என்றாள். சரியாகச் சாப்பிடாமல் வேலைக்குப் போனால் நடுக்கம் வராமல் என்ன வரும் என்று நான் வாயடித்தேன். அவள் கையை மடியில் வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த வெள்ளிக்கிழமை மஞ்சள் தண்ணீர் ஊற்றி அந்த இடத்தையே கழுவிவிட்டாள். அன்றைக்குக் கம்பியைத் தொட்டதும் அவள் உடம்பு முழுதும் ஆடியது. கூந்தல் அவிழ்ந்தது. குரல் மாறிப்போனது.

“மேலேர்ந்து வரேன்டி,” என்றாளாம். “என்னிய ஆணி அடிச்சி வச்சிருக்காங்க. என்னிய ஆணி அடிச்சி வச்சிருக்காங்க.”

ஷெட் போட்ட இடத்தில் முன்பு ஒரு பெரிய புளியமரம் இருந்தது. அதை வெட்டும்போது உள்ளே பழைய ஆணிகள் இருந்தன என்று எல்லாருக்கும் தெரியும். பேயை மரத்தில் ஆணி அடித்துக் கட்டுவது எங்கள் பக்கத்துப் பழக்கம். அதனால் முதல் நாள் இது அம்மனா, புளியமரத்துக்காரியா என்று பெண்களுக்குள் வாக்குவாதம் நடந்தது. குள்ளமான ஒருத்தி மரப்பெட்டிமேல் ஏறி நின்று அதே கம்பியில் பூ வைத்துப் பார்த்தாள். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. நம் எல்லாரையும் விட்டுவிட்டு அக்காவை மட்டும் பிடித்திருக்கிறது என்றால் அது அம்மன்தான் என்று முடிவானது. சாதாரண நாளில் லேசாக வரும், வெள்ளிக்கிழமை பலமாக வரும். அம்மனுக்கு வேறு என்ன அத்தாட்சி வேண்டும்?

ஒரு வெள்ளிக்கிழமை நானே போய்ப் பார்த்தேன். கிண்டல் செய்யத்தான் போனேன். ஷெட்டுக்குள் நுழைந்ததும் கிண்டல் வரவில்லை. பேச்சுச் சத்தமே இல்லை. மிஷின்களை நிறுத்தியிருந்தார்கள். கூரையில் எங்கிருந்தோ மெல்லிய 'ம்ம்ம்' சத்தம், வாய் மூடி முனகுவது போல. டியூப்லைட் சோக் சத்தம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். படத்துக்குப் பின்னால் தூணில் இரண்டு பல்லிகள் ஒட்டியபடியே செத்து, காய்ந்து, வெளுத்துப் போயிருந்தன. அவற்றை யாரும் எடுக்கவில்லை, எடுக்க பயம். அக்கா ஈரத்தில் நின்று கையை உயர்த்தினாள். விரல் கம்பியில் பட்டது. அவள் கண் மேலே செருகியது. அவளோடு ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவன் நான், அந்த முகத்தை எனக்கு அடையாளம் தெரியவில்லை.

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அது வேறு எவன் செய்த ஒயரிங்காக இருந்தாலும், செத்த பல்லியைப் பார்த்த உடனே சட்டைப் பையிலிருந்து டெஸ்டரை எடுத்திருப்பேன். அது என் வேலை. என் வேலையில் தப்பு இருக்கும் என்று எனக்குத் தோன்றவேயில்லை. ஊரார் பிள்ளை தப்பு செய்தால் கண்ணில் படும், தன் பிள்ளை செய்தால் படாது.

இன்னொன்றும் உண்டு. ஆட்டம் நின்றதும் சூப்பர்வைசரே ஒரு டம்ளர் டீயை அவளுக்கு நீட்டினார். முதல் டீ. முப்பது பெண்களும் வரிசையில் வந்து அவள் கையால் திருநீறு வாங்கினார்கள். 'நெட்ட' என்று கூப்பிட்ட அதே வாய்கள் 'அம்மா' என்றன. அம்மா, என் மவளுக்குக் குழந்த பொறக்குமா. அம்மா, என் புருஷன் குடிய வுடுவானா. அக்கா ஒவ்வொருத்தி தலையிலும் கை வைத்துப் பதில் சொன்னாள். நிமிர்ந்து நின்றாள். அவள் உயரம் முழுதாக நின்று நான் பார்த்தது அன்றுதான். எதுவாக இருந்தால் என்ன, இருந்துவிட்டுப் போகட்டும் என்று வந்துவிட்டேன்.

மழை அந்த வருஷம் கொஞ்சம் தாமதமாகத்தான் இறங்கியது. இருங்காட்டுக்கோட்டையில் மதியம் டீ குடிக்கப் போனபோது தூறல் ஆரம்பித்திருந்தது. டீக்கடையில் அந்தத் தகரக்காரர் உட்கார்ந்திருந்தார். நான் அக்காவின் தம்பி என்று அவருக்குத் தெரியும்.

“உங்க அக்கா ஷெட்டு இன்னிக்கி ஒரு சொட்டு ஒழுவாது தம்பி. புரட்டாசில மேல ஏறி புது ஸ்க்ரூ போட்டேன், அத்தினியும் நின்னு பேசும்.”

“நீ மேல ஏறினியாண்ணா?”

“ஏறாம? ஒண்ணே ஒண்ணுதான் எறங்கும்போது நொறுக்குனு பிளாஸ்டிக்கு ஒடையறாப்பல கேட்டுச்சு. வாசல்லேர்ந்து ரெண்டாவது தூணாண்ட. சட்டத்துல வெடிப்பு போலனு வுட்டுட்டேன்.”

டீ டம்ளர் என் கையில் இருந்தது. அதை எங்கே வைத்தேன் என்று இன்றுவரை தெரியாது. பி.வி.சி. பைப் உடைகிற சத்தம் எனக்கு நன்றாகத் தெரியும். பைப்புக்குள் ஒயர், ஒயரில் ஸ்க்ரூ, ஸ்க்ரூவில் தகரம், தகரத்தில் கம்பி, கம்பியில் அக்காவின் விரல். கூரை மரச்சட்டத்தின்மேல் நிற்பதால் கரண்ட் பூமிக்கு இறங்க வழியில்லை. இறங்க வழி அக்கா மட்டும்தான். மரப்பெட்டிமேல் நின்றவளுக்கு ஒன்றும் ஆகாது. தரை காய்ந்திருந்தால் அக்காவுக்கும் நடுக்கத்தோடு போகும், கழுவிய வெள்ளிக்கிழமை உடம்பு ஆடும். இன்றைக்கு மழை. ஷெட் வாசல் பள்ளம், தண்ணீர் உள்ளே வந்திருக்கும். கடைக் கடிகாரத்தில் இரண்டாக இன்னும் இருபது நிமிஷம். அன்றைக்குக் கிழமையும் வெள்ளி.

சைக்கிளை எடுத்தேன். பெங்களூர் ரோட்டில் லாரிகள் தண்ணீரை வாரி முகத்தில் அடித்தன. போகிற வழியெல்லாம் எனக்குள் ஓடியது ஒரே வாசகம். ஆணி அடித்து வைத்திருக்கிறார்கள் என்று அவள் சொன்னாளே, அது எப்படி? ஸ்க்ரூ இறங்கியதை அவளுக்கு யார் சொன்னது? பயத்தில் பிரேக் பிடிக்கவும் மறந்து ஒரு மாட்டுவண்டியில் இடித்தேன். முழங்கை கிழிந்தது. எழுந்து மிதித்தேன்.

ஷெட்டுக்குள் போனபோது பட்டப்பகலிலும் இருட்டாக இருந்தது. ஒரு லைட்டும் எரியவில்லை. தகரத்தில் மழை கொட்டுகிற சத்தத்தில் காது அடைத்துப்போனது. பெண்கள் எல்லாரும் மேஜைகள்மேலும் பெட்டிக் கட்டுகள்மேலும் ஏறி நின்று, கை கூப்பிக்கொண்டு ஒரே பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி கையில் கற்பூரத் தட்டு. அக்கா மட்டும் கீழே நின்றாள். கணுக்கால் அளவு தண்ணீர். செருப்பு இல்லை. இரண்டு கையாலும் அந்தக் கட்டுக்கம்பியை இறுக்கிப் பிடித்திருந்தாள். உதடு அசைந்துகொண்டிருந்தது. சத்தம் கேட்கவில்லை, ஆனால் என்ன சொல்கிறாள் என்று தெரிந்தது. வா, வா, வா.

கரண்ட் போயிருந்தது. அதனால்தான் அவள் உயிரோடு இருந்தாள். கரண்ட் போனதால் அம்மன் வரவில்லை. வரவில்லையே என்று அவள் கம்பியை விடாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். முப்பது பேரும் அது வரவேண்டும் என்று சேர்ந்து வேண்டிக்கொண்டிருந்தார்கள். எந்த நொடியும் அது வரும்.

அக்கா என்று கத்தினேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவளிடம் ஓடவா, மெயினுக்கு ஓடவா என்று ஒரு கணம் நின்றேன். வாசலை ஒட்டிய முதல் தூணில்தான் மெயின் சுவிட்ச். கைப்பிடியை இழுத்துக் கீழே இறக்கினேன். ப்யூஸ்களைப் பிடுங்கி டவுசர் பைக்குள் போட்டேன். திரும்பினேன். மூன்று மூச்சு விட்டிருப்பேன். ரோட்டுக்கு அந்தப்பக்கம் இருந்த கம்பெனியில் வரிசையாக எல்லா லைட்டும் எரிந்தன.

நான் அந்தத் தண்ணீரிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

மழைச் சத்தம் கொஞ்சம் குறைந்ததும் அக்கா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். அவளுக்குக் கோபம். “இன்னாடா, பூஜ நடக்கும்போது வந்து குந்திகினு கீற? அங்க கரண்ட் வந்துச்சே, இங்க இன்னா?”

அவளைப் பிடித்து இழுத்து மேஜைமேல் ஏற்றினேன். எல்லாருக்கும் சொன்னேன். என் தப்பு, இரண்டு விரல் இறக்கச் சொன்னார்கள், இறக்கவில்லை, உங்கள் அம்மன் என் பைப்பிலிருந்து வருகிறாள் என்றேன். யாரும் நம்பவில்லை. சரி, பாருங்கள் என்று எல்லாரையும் மேலேயே நிற்கச் சொல்லி, ப்யூஸைப் போட்டு, மெயினை ஏற்றி, ஒரு மரப்பெட்டிமேல் ஏறி டெஸ்டரைக் கம்பியில் வைத்தேன். டெஸ்டருக்குள் அந்தச் சின்ன விளக்கு சிவப்பாக எரிந்தது. முப்பது பெண்களும் அதைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

மறுபடி மெயினை அணைத்துவிட்டு ஏணி போட்டுப் பைப்பை அறுத்தேன். ஸ்க்ரூ நடுமத்தியில் இறங்கியிருந்தது. சிவப்பு ஒயரின் தோல் சீவப்பட்டு செம்பு தெரிந்தது. அறுத்த துண்டைக் கையில் கொடுத்ததும்தான் சூப்பர்வைசருக்கு முகம் வெளிறியது. வெளியே சொல்லாதே என்றார். நான் மறுநாளே அந்த ஆபீஸரைத் தேடிப் போய்ச் சொன்னேன். அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லையே என்று மட்டும் கேட்டார். இல்லை சார் என்றேன்.

இரண்டு நாளில் ஷெட் முழுக்கக் கட்டை கொடுத்து எல்லாப் பைப்பையும் பட்டியையும் இரண்டு விரல் கீழே இறக்கினேன். சில இடத்தில் மூன்று விரல். கூரையில் அந்த முனகல் நின்றது. ஆணியைப் பற்றி உனக்கு எப்படித் தெரிந்தது என்று அக்காவைக் கேட்டேன். “நான் எங்கடா சொன்னேன்?” என்றாள்.

மார்கழி பிறந்ததும் மழை ஓய்ந்தது. அக்கா வழக்கம்போலத் தினமும் பூ வைத்தாள். செருப்பைக் கழற்றினாள், தண்ணீர் தெளித்தாள், எட்டிக் கம்பியைத் தொட்டாள். முதல் சில நாள் பெண்கள் நின்று பார்த்தார்கள். பிறகு மிஷினை நிறுத்துவதை விட்டார்கள். பிறகு பார்ப்பதையும் விட்டார்கள். டீ பழைய வரிசைப்படி, கடைசியில் அவளிடம் வந்தது. ஒருநாள் நான் அந்தப் பக்கம் போனபோது “ஏ நெட்ட, அந்தப் பசைய எடு” என்று யாரோ சொல்வதும், அவள் எடுத்துக் கொடுப்பதும் காதில் விழுந்தது. யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை.

வீட்டில் அவள் என்னிடம் சண்டை போடவில்லை. உயிரைக் காப்பாற்றினான் தம்பி என்று வருகிறவர்களிடம் எல்லாம் சொன்னாள். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது, வெட்கமில்லாமல்.

ஒரு வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வந்து எனக்குச் சோறு போட்டாள். குழம்பு ஊற்றினாள். எதிரில் குந்தி, நான் இரண்டு வாய் சாப்பிடும்வரை பார்த்தாள். பிறகு அம்மாவுக்குக் கேட்காதபடி மெதுவாகக் கேட்டாள்.

“தம்பி, அந்த கரண்ட அளவா வுட முடியாதாடா?”

எனக்குப் புரியவில்லை என்று நினைத்தாள் போலிருக்கிறது. தன் கையை எடுத்து விரல்நுனியிலிருந்து தோள்வரை காட்டினாள்.

“ரொம்ப வேணாம். இது வரிக்கும் ஏறினா போதும்.”